கடிக்கும் குழந்தைக்குத் தேவையைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது: தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு வயதுப் பையன். ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. எழுத உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் கையைக் கடித்துவிடுகிறான். கடித்ததும் நோட்டை மூடி, "சரி, போ, போய் விளையாடு" என்று எழுப்பி விட்டுவிடுகிறார்கள். வேறென்ன செய்வார்கள்? கையில் பல் பதிந்திருக்கிறதே.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது எளிமையானது. "எனக்கு இது போதும்" என்று ஒரு செய்தி அனுப்பினான், அது போய்ச் சேர்ந்தது, கேட்டதும் கிடைத்தது. கடிப்பதுதான் அவனிடம் இருக்கும் ஒரே வாக்கியம். அதுவும் இதுவரை ஒரு தடவைகூடப் பொய்க்காத வாக்கியம்.

அந்த வாக்கியத்தின் இடத்தில் வேறொன்றை வைப்பதுதான் தொடர்புவழிப் பயிற்சி. ஒரு படஅட்டை, ஒரு சைகை, ஒரு சொல், ஏதோ ஒன்று. சிறப்புக் கல்வி வட்டாரத்தில் இதை எஃப்.சி.டி. என்பார்கள், பங்ஷனல் கம்யூனிகேஷன் டிரெயினிங். 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு குழந்தைகளிடம் செய்து பார்த்து வெளியிட்ட ஆய்விலிருந்து இது பரவியது. பாடம் கடினமாக இருக்கும்போது ரகளை செய்யும் குழந்தைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியர் கவனிக்காதபோது ரகளை செய்யும் குழந்தைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரகளை குறைந்தது. அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தார்கள். குழந்தையின் தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தையும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை அதையும் சொன்னது, ஆனால் ரகளை குறையவில்லை.

இதைத் தொடங்கும் பல வீடுகளில் இரண்டு மாதத்தில், "எல்லாம் செய்து பார்த்தோம், இவனுக்கு இது சரிப்படவில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பயிற்சி தோற்பதற்கு முன்பே, அது நடக்கும் விதம் தோற்றிருக்கும். எங்கெங்கே பிசகும் என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதித் தொல்லை மிச்சம்.

முதலில் உடம்பு

திடீரென்று ஆரம்பித்த அல்லது திடீரென்று அதிகமான ரகளை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டாமல் எதையும் தொடங்க வேண்டாம். காதில் சீழ், சொத்தைப்பல், மலச்சிக்கல், நெஞ்சு எரிச்சல், தூக்கமின்மை. பெண் குழந்தைகளுக்கு மாதவிடாய் வலி. வலிப்பு மருந்தை மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பல்வலிக்குத் தாடையில் குத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அட்டையைக் கொடுத்து என்ன பயன்?

தலையைச் சுவரில் மோதுவது, கண்ணைக் குத்துவது, ரத்தம் வரும் அளவுக்குக் கடிப்பது போன்றவை இருந்தால் கட்டுரை படித்து வீட்டில் முயலும் விஷயம் இல்லை. அருகில் நிபுணர் இருந்தே ஆகவேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருப்பது பல்வகை ஊனங்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம். அங்கே சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோரை ஒரே வளாகத்தில் பார்க்கலாம்.

எதற்காகச் செய்கிறான்?

ஒரு பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். நடப்பதற்கு முன் என்ன இருந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் என்ன நடந்தது. அவ்வளவுதான். "கோபம் வந்தது", "அடம் பிடித்தான்" என்று எழுதினால் நோட்டு வீண். "குக்கர் விசில் அடித்தது, காதைப் பொத்தினான், தங்கையை அடித்தான், பாட்டி வெளியே தூக்கிப் போனார்" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஒன்றிரண்டு வாரம் போதும், நீங்களே அதில் ஒரு சாயலைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது பத்திதான் முக்கியம். எல்லோரும் முதல் பத்தியைத்தான் விழுந்து விழுந்து எழுதுவார்கள். ஆனால் நடத்தைக்குச் சம்பளம் கொடுப்பது அதன்பின் நடப்பதுதான்.

வழக்கமாகத் தென்படும் காரணங்கள் நாலுதான். யாராவது தன்னைப் பார்க்க வேண்டும். ஒரு பொருளோ போனோ வேண்டும். செய்யச் சொன்ன வேலையிலிருந்தோ சத்தத்திலிருந்தோ தப்பிக்க வேண்டும். நாலாவது கொஞ்சம் வேறு மாதிரி. அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் நடக்கும். பிரையன் இவாட்டா குழுவினர் 1982இல் செய்த ஆய்வில் இதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே பிள்ளையைத் தனியாக விட்டு, வேலை கொடுத்து, தன்னைத் தாக்கிக்கொள்ளும்போது மட்டும் கவனம் கொடுத்து, விளையாட விட்டு எனச் சூழலை மாற்றிமாற்றி, எப்போது அதிகமாகிறது என்று எண்ணினார்கள். நிபுணர்கள் இன்றும் அந்த அடிப்படையில்தான் சோதிக்கிறார்கள். வீட்டில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். நோட்டு போதும்.

ஒரே நடத்தைக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். காலையில் பள்ளி வேனில் ஏற மறுத்துக் கடிப்பவன் மாலையில் போனுக்காகக் கடிப்பான். கடி ஒன்றுதான், செய்தி இரண்டு. அப்படியென்றால் அட்டையும் இரண்டு.

நாலாவது வகையில் இந்தப் பயிற்சி அவ்வளவாகக் கைகொடுக்காது. யாரிடமும் எதையும் கேட்காத நடத்தைக்கு, கேட்கக் கற்றுக்கொடுத்து என்ன ஆகும்? அங்கே அதே இதத்தைத் தரும் வேறு பொருள், வேறு அசைவு என்று தேட வேண்டும். சில மையங்களில் காரணமே பார்க்காமல் வருகிற எல்லாப் பிள்ளைக்கும் "மோர்" (ஆங்கிலத்தில் "இன்னும் வேண்டும்") என்ற ஒரே சைகையைக் கற்றுக்கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். வேலையிலிருந்து தப்பிக்கத் துடிக்கும் பிள்ளை "மோர்" என்று சைகை காட்டி என்ன கேட்கும், இன்னும் கொஞ்சம் வீட்டுப்பாடமா?

எதால் கேட்பது?

சொல், சைகை, படஅட்டை, பேசும் கருவி என்று வழிகள் பல. பேச்சு வராவிட்டால் சைகை என்று எடுத்தவுடன் முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் கைதட்டினால் பார்த்துத் தானும் தட்டும் குழந்தைக்குச் சைகை எளிது. பிறரைப் பார்த்துச் செய்யாத குழந்தைக்கு அட்டையை எடுத்துக் கையில் கொடுப்பது எளிது. படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பெக்ஸ் முறையை 1985இல் டெலவேரில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் உருவாக்கியது இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான். டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் பேசும்.

"அட்டை கொடுத்துப் பழகினால் அப்புறம் பேசவே மாட்டானே?" என்று கேட்காத பாட்டி தாத்தா இல்லை. அட்டையும் கருவியும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியும் இருக்கிறது. தைரியமாகக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வி, அதைப் பார்த்தால் யாருக்குப் புரியும் என்பது. அம்மாவுக்கு மட்டும் புரியும் சைகை வீட்டு வாசலோடு செத்துப்போகும். மூக்கைத் தொட்டால் தண்ணீர் என்று வீட்டில் பழகியிருப்பீர்கள். வேன் அண்ணனுக்கு அது மூக்கு அரிப்பு. தண்ணீர்ப் பாட்டில் படமும் கீழே தமிழில் "தண்ணி" என்ற எழுத்தும் இருந்தால் முன்பின் தெரியாதவரும் கொடுப்பார். அயலாருக்குப் புரிகிற வழியைத் தேர்ந்தெடுத்த குழந்தைகள், பழக்கமில்லாத இடத்திலும் சமாளிக்கிறார்கள்.

கேட்கும் விதம் மற்றவர் முகம் சுளிக்காததாகவும் இருக்கட்டும். சேலையைப் பிடித்து இழுத்துக் கூப்பிடுவது மூன்று வயதில் அழகு. அதையே பதின்மூன்று வயதில் வகுப்பு ஆசிரியையிடம் செய்தால் வேறு பிரச்சினை. தோளை மெல்லத் தொடுவதை இப்போதே பழக்கிவிடலாம்.

விலை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஒரே பொருள் இரண்டு கடையில் கிடைக்கிறது. ஒன்றில் விலை குறைவு, வரிசை கிடையாது, எப்போது போனாலும் இருக்கும். இன்னொன்றில் விலை அதிகம், அரைமணி நிற்க வேண்டும், பாதி நாள் "சரக்கு இல்லை". நீங்கள் எங்கே போவீர்கள்? பிள்ளையும் அப்படித்தான். பழைய நடத்தை ஒரு கடை, புதிய அட்டை ஒரு கடை. அட்டைக் கடை மூன்று விஷயத்திலும் மலிவாக இல்லாவிட்டால் அவன் பழைய கடைக்குத்தான் போவான். அதற்குப் பெயர் அடம் அல்ல.

1991இல் ராபர்ட் ஹார்னர், மைக்கேல் டே இருவரும் இதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவருக்கு ஒரு முழு வாக்கியத்தையும் சைகையில் சொல்லக் கற்றுக்கொடுத்தபோது அவர் பழைய நடத்தையை விடவில்லை. அதே பொருளுக்கு ஒற்றைச் சைகை கற்றுக்கொடுத்ததும் விட்டார். இன்னொருவரிடம், எத்தனை தடவை கேட்டால் ஒரு தடவை கிடைக்கும் என்பதை மாற்றினார்கள். மூன்றாமவரிடம், கேட்டபின் எவ்வளவு நேரம் கழித்து உதவி வரும் என்பதை மாற்றினார்கள். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். புதிய வழியில் உழைப்பு அதிகமானாலோ, பலன் அரிதானாலோ, தாமதமானாலோ பழையது நிலைத்தது. புதியது எளிதானபோது பழையது ஒதுங்கியது.

இதை வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

உழைப்பு: "அம்மா, எனக்குப் பிஸ்கட் வேண்டும், ப்ளீஸ்" என்று தொடங்காதீர்கள். நானே தொடக்க காலத்தில் இந்தத் தப்பைச் செய்தேன். மரியாதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாமே என்ற ஆசை. பிள்ளை இரண்டு நாள் முயன்றுவிட்டு மூன்றாம் நாள் டேபிளைக் கவிழ்த்தது. ஒரு சொல், ஒரு அட்டை, ஒரு அசைவு போதும். "பிஸ்." அது வந்தபின் நீட்டிக்கொள்ளலாம். அட்டை அலமாரியின் மேல்தட்டில், பைக்குள், பூட்டிய அறையில் இருந்தாலும் உழைப்பு கூடிவிட்டது என்றுதான் பொருள். கடிக்கப் பல் எப்போதும் கூடவே இருக்கிறது. அட்டையும் அப்படி இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு சாவி வளையம், கழுத்தில் ஒரு பட்டை, சுவரில் வெல்க்ரோ, பாத்ரூம் கதவில் ஒன்று. லேமினேட் செய்து ஐந்தாறு பிரதி எடுத்து வையுங்கள். தொலையும்.

நிச்சயம்: முதல் சில வாரங்களுக்கு, கேட்டால் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். "இப்பத்தானே சாப்பிட்டே", "கெஸ்ட் போகட்டும்" எல்லாம் அப்புறம். அதனால்தான் எப்போதும் கொடுக்கக்கூடிய ஒன்றை வைத்துத் தொடங்க வேண்டும். ஐஸ்கிரீம் அட்டை ஒட்டினால் இரவு பதினொரு மணிக்கும் கொடுக்கத் தயாராக இருங்கள். "ஓய்வு" அட்டை இதில் பாதுகாப்பானது. நோட்டை ஒரு நிமிடம் மூடிவைக்க யாரிடமும் காசு கேட்க வேண்டாம்.

வேகம்: அட்டை உங்கள் கையில் விழுந்த நொடியில் பொருள் அவன் கையில் இருக்கட்டும். "சூப்பர் கண்ணா, அம்மாகிட்ட எவ்ளோ அழகா கேட்டான் பாருங்க" என்று அக்கம்பக்கத்துக்கு அறிவித்துவிட்டுப் பிறகு கொடுத்தால், அந்தப் பாராட்டு நேரம் அவனுக்குத் தாமதம்தான்.

அளவையும் சேர்த்துப் பாருங்கள். கடித்தால் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கேட்டால் அரைப் பிஸ்கட்டும் என்றால் எந்தக் கடை லாபம் என்று அவனுக்குத் தெரியும். கடித்த நாளில் வீடே கூடி, அப்பா ஆபீஸிலிருந்து போன் செய்து, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கிறார். அட்டை கொடுத்த நாளில் அம்மா திரும்பிப் பார்க்காமல் "ம்" என்கிறார். கவனத்துக்காகக் கடிக்கும் பிள்ளை இந்தக் கணக்கை நம்மைவிட வேகமாகப் போட்டுவிடும்.

கற்றுக்கொடுக்கும் நேரம்

ரகளை நடக்கும்போது கற்றுக்கொடுக்க முடியாது. நீச்சலை வெள்ளத்தில் யாரும் கற்பதில்லை. அமைதியாக இருக்கும் நேரத்தில், ஆனால் அந்தப் பொருள் வேண்டும் என்ற ஆசை இருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். வயிறு நிறைந்தபின் பிஸ்கட் பாடம் எடுத்தால் கேட்கக் காரணமில்லை.

முடிந்தால் இரண்டு பேர் இருங்கள். ஒருவர் எதிரே பொருளோடு. இன்னொருவர் பின்னால் வாய் திறக்காமல். பிள்ளை பொருளை நோக்கிக் கை நீட்டும்போது பின்னால் இருப்பவர் அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் போட வைக்க வேண்டும். உடனே பொருள். "என்ன வேணும்? என்ன வேணும் சொல்லு?" என்று கேட்காதீர்கள். நீங்கள் கேள்வி கேட்டால்தான் அட்டை கொடுப்பது என்று பழகிவிடும், பிறகு நீங்கள் கேள்வி கேட்க மறந்த நாளில் கடி வரும். பின்னால் இருப்பவரின் உதவியை முழங்கைக்கு, தோளுக்கு, கடைசியில் ஒன்றுமில்லாமல் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஒரு நாளில் எத்தனை வாய்ப்பு என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரத் தெரபியில் மட்டும் கேட்டுப் பழகினால் ஒரு வருடம் ஆனாலும் ஒட்டாது. ஒரு முறுக்கை எட்டாக உடைத்தால் எட்டுத் தடவை கேட்கலாம். ஊஞ்சலை நாலு ஆட்டத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் இருபது பாடம்.

அடுத்து வருவது அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம். பிள்ளை அடிக்கிறான். உடனே நாம், "அடிக்கக் கூடாது, அட்டை கொடு" என்று கையைப் பிடித்துக் கொடுக்க வைத்து, பொருளைத் தருகிறோம். சரியாகத்தானே செய்தோம் என்று தோன்றும். அவன் கற்றுக்கொண்டதோ வேறு: முதலில் அடி, பிறகு அட்டை, பிறகு பிஸ்கட். மூன்றும் ஒரு சங்கிலியாகிவிடும். இதைத் தவிர்க்க, அடிக்கு முன்னால் வரும் அறிகுறியைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏதோ ஒன்று இருக்கும். மூச்சு வேகமாகும், காது சிவக்கும், ஒரு மாதிரி முனகுவான், நாற்காலியைப் பின்னால் தள்ளுவான். நோட்டின் முதல் பத்தியில் அதையும் எழுதுங்கள். அந்த நொடியில் அட்டையை நினைவூட்டுங்கள். பிடிக்கத் தவறி அடித்துவிட்டால், காயம் ஆகாமல் தடுத்து, சற்று நேரம் கை அமைதியாக இருந்தபின்தான் அட்டைக்கு உதவுங்கள்.

பழைய கடையை மூடுவது

புதிய கடை திறந்தால் மட்டும் போதுமா, பழையதை மூட வேண்டுமா? பால்டிமோரில் உள்ள கென்னடி கிரீகர் நிறுவனத்தில் லூயிஸ் ஹகோபியன் குழுவினர் 1998இல், மிகக் கடுமையான நடத்தைகளுக்காக உள்நோயாளிகளாகச் சேர்ந்த 21 பேரின் சிகிச்சையைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழைய நடத்தைக்கும் பலன் கிடைத்துக்கொண்டிருந்த வரை, கேட்கக் கற்றுக்கொடுத்தது மட்டும் போதவில்லை. பழைய நடத்தைக்குப் பலனை நிறுத்தியபோது கிட்டத்தட்ட பாதி முயற்சிகளில் நடத்தை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

நிறுத்துவது என்றால் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது கவனத்துக்காகச் செய்பவனுக்கு மட்டும் பொருந்தும். வேலையிலிருந்து தப்பிக்கக் கடிப்பவனைக் கண்டுகொள்ளாமல் எழுந்து போனால் அவன் கேட்டதையே கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். காரணம் தெரியாமல் கண்டிக்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். மூலையில் போய் நில் என்பது கணக்குப் பாடம் பிடிக்காதவனுக்குப் பரிசு.

பலனை நிறுத்தினால் முதலில் நடத்தை ஏறும். இதுவரை வேலை செய்த லிஃப்ட் பட்டன் வேலை செய்யாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் அழுத்தி, நாலு தடவை குத்துகிறோம். பிள்ளையும் கூடுதலாகக் கத்தும், கூடுதலாக அடிக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த நாளில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் "இன்னும் பலமாகக் கடித்தால் கிடைக்கும்" என்ற புதுப்பாடம் ஏறிவிடும். ஆகவே உங்களால் தாக்குப்பிடிக்க முடியாத நடத்தைக்கு நிபுணர் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். தாக்குப்பிடிக்க முடியாத நேரங்களில், அறிகுறி தெரிந்ததுமே ஓய்வைக் கொடுத்துவிடுங்கள். கடித்தபின் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டில் எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள்?

பயிற்சி குழந்தைக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் பாதிப் பயிற்சி அவன் கேட்டால் கொடுக்க வேண்டியவர்களுக்கு. அம்மாவிடம் அட்டை கொடுத்தால் பலிக்கிறது. அப்பாவிடம் கொடுத்தால் "இதை எதுக்குடா கொண்டு வர்றே" என்கிறார். பாட்டி, "பாவம் புள்ள, அழுதா தொண்டை வத்திடும்" என்று அழும்போதே கொடுத்துவிடுகிறார். பாட்டியின் மேல் கோபப்பட்டு லாபமில்லை. அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். "அம்மா, அவன் இந்த அட்டையை உங்க கையில வச்சா நீங்கதான் முறுக்கு கொடுக்கணும், வேற யாரும் கொடுக்க மாட்டோம்" என்று பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். அழுகைக்குக் கொடுப்பவராக இருந்தவர், அட்டைக்குக் கொடுப்பவராவார். வற்புறுத்தலைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் போதும், எல்லோரையும் உட்கார வைத்து யார் யார் எத்தனை தடவை அட்டை வாங்கினார்கள் என்று கேளுங்கள். ஒரு ஆளிடம் பூஜ்யம் என்றால் அந்த ஆளிடம்தான் அடுத்த ரகளை.

"இல்லை", "பொறு"

கேட்டால் உடனே கிடைக்கும் என்று நம்பிய பிள்ளை நூறு தடவை கேட்கத் தொடங்கும். ஓய்வு அட்டையையே நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும். பல பெற்றோர் இங்கே பயந்து, ஒரே நாளில் "எப்பவும் கிடைக்காது" என்று மாற்றிவிடுவார்கள். பிள்ளையின் கணக்கில் அட்டைக் கடை மூடிவிட்டது. பழையதற்குத் திரும்பும். முன்னால் சொன்ன 21 பேரிலும், காத்திருக்கவோ கூடுதல் வேலை செய்யவோ வைத்த கட்டத்தில் ஏறக்குறைய பாதி முயற்சிகளில் பலன் தேய்ந்தது. நிபுணர்கள் கையிலேயே அப்படி. அதனால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

அட்டை கொடுப்பது பழகி, ரகளை நன்றாகக் குறைந்து, சில வாரங்கள் ஆனபின் தொடங்குங்கள். காத்திருப்பை நொடிகளில் கூட்டுங்கள். முதலில் மூச்சு விடும் நேரம், பிறகு ஐந்து எண்ணும் வரை, பிறகு பத்து. "பொறு" என்று தனி அட்டை கொடுத்து, கையில் வேறு ஏதாவது விளையாட்டுப் பொருளையும் கொடுங்கள். வெறுங்கையோடு காத்திருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

வேலையிலிருந்து ஓய்வு கேட்பவனுக்கு: முதலில் கேட்டதும் ஓய்வு. பிறகு ஒரு எழுத்து எழுதியபின் ஓய்வு. பிறகு இரண்டு. ஒரு பக்கத்துக்குத் தாவாதீர்கள்.

எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது பெரிய உதவி. கிரிகரி ஹேன்லி குழுவினர் 2001இல் ஆய்ந்து காட்டிய முறையில், கேட்டால் கிடைக்கும் நேரத்துக்கு ஒரு அட்டையும் கிடைக்காத நேரத்துக்கு வேறொரு அட்டையும் தெரியும். வீட்டில் பச்சை, சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறைக் கதவில் சிவப்பு தொங்கினால் அம்மா அடுப்படியில், இப்போது ஊஞ்சல் கிடையாது. பச்சை வந்தால் உண்டு. ஆரம்பத்தில் பச்சை நீளமாகவும் சிவப்பு சில நொடிகளாகவும் இருக்கட்டும். சிவப்பை மெல்ல நீட்டலாம்.

ஒரேயடியாக "இல்லை" என்று சொல்ல வேண்டிய நேரமும் வரும். அப்போது எது உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "போன் இல்ல, பாட்டு உண்டு, பந்து உண்டு" என்று இரண்டு அட்டையை நீட்டினால் "இல்லை" கொஞ்சம் மெதுவாக இறங்கும்.

பள்ளிக்கு ஒரு தாள்

வீட்டில் நின்ற நடத்தை பள்ளியில் தொடர்கிறது என்றால் பிள்ளை ஏமாற்றவில்லை. அங்கே இந்தக் கடை இன்னும் திறக்கவில்லை. ஆனால் திறந்துவிட்டால் நிலைக்கும். 1992இல் கார், டுராண்ட் இருவரும், கேட்கக் கற்ற குழந்தைகளையும், தனியே ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். முதலில் இரண்டு குழுவிலும் தொல்லை குறைந்தது. பிறகு எதுவும் தெரியாத புது ஆசிரியர்களிடம் அனுப்பியபோது, ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் பழையது திரும்பியது. கேட்கத் தெரிந்தவர்கள் புது ஆசிரியரிடமும் கேட்டார்கள், கிடைத்தது, அமைதியாக இருந்தார்கள்.

எனவே புது ஆசிரியருக்குப் பிள்ளையின் நோய் வரலாற்றை எழுதி அனுப்பாதீர்கள். ஒரே தாள் போதும். அதில் மூன்று அட்டையின் படம், ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், ரகளைக்கு முன் வரும் அறிகுறி எது, அந்த நேரத்தில் எந்த அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையின் கூடுதல் பிரதிகளை அதோடு பின் செய்து கொடுங்கள். வேன் அண்ணனுக்கும் ஆயாவுக்கும் ஒன்று. சத்தமும் கூட்டமும் உள்ள வகுப்பில் பேசும் கருவி கேட்காமல் போகலாம், அட்டை தெரியும். அதையும் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நோட்டை மூடிவிடாதீர்கள். காலண்டரில் தேதிக்குக் கீழே இரண்டு எண் மட்டும்: இன்று எத்தனை தடவை கேட்டான், எத்தனை தடவை கடித்தான். இரண்டு வாரத்தில் முதல் எண் ஏறாமல் இருந்தால் விலையைப் பாருங்கள். முதல் எண் ஏறியும் இரண்டாம் எண் இறங்காவிட்டால், காரணத்தைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள் அல்லது பழைய கடையில் யாரோ இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று கடி திரும்பினால் இந்த வரிசையில் தேடுங்கள்: காய்ச்சல், பல், வயிறு, அட்டை தொலைந்ததா, வீட்டுக்கு விருந்தாளி வந்து, கேட்டும் யாரும் கவனிக்காமல் போனதா, பள்ளியில் ஆசிரியர் மாறினாரா. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் அன்று மாலையே புதிது அடித்து ஒட்டுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.